ஓடில்லாத நத்தையும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும்

'ரெஃபரன்ஸ் எல்லாம் ஹார்வர்டு ஸ்டைலில் இருக்க வேண்டும்' என்று ஒரு ஜர்னல் சொன்னதும் நம் மனக்கண்ணில் என்ன காட்சி விரியும்? நீளமான ஓக் மேஜை. சுற்றிலும் கறுப்பு அங்கி, வெள்ளை மீசையுடன் பன்னிரண்டு பேராசிரியர்கள். ஆறு மாதம் காரசாரமாக விவாதித்து, 'ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடுவதென இச்சபை தீர்மானிக்கிறது' என்று கையெழுத்து போடுகிறார்கள். அப்படித்தானே? ஸாரி. அது ஒரு நத்தை செய்த வேலை. அதுவும் சொந்தமாக ஓடுகூட இல்லாத நத்தை.

1881. ஹார்வர்டில் எட்வர்டு லாரன்ஸ் மார்க் என்றொரு விலங்கியல்காரர் இருந்தார். தோட்டத்து ஈர மண்ணில் வழவழவென்று ஊருமே ஒரு ஜந்து, பார்த்ததும் நாம் உப்பு டப்பாவைத் தேடுவோமே, அதன் முட்டை எப்படிக் கருவாகிறது, எப்படிப் பிளந்து பிளந்து வளர்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒரு பெரிய கட்டுரை எழுதினார். 194-ஆம் பக்கத்துக்கு வரும்போது, முன்பு ஒருவர் சொன்ன சங்கதியைக் குறிப்பிட வேண்டியிருந்தது. வழக்கப்படி பக்கத்தின் அடியில் குறிப்பு போடாமல், வரிக்கு நடுவிலேயே பெயர், ஆண்டு இரண்டையும் அடைப்புக்குறிக்குள் செருகிவிட்டார். வாசகர் மிரண்டுவிடக் கூடாதே என்று இந்தப் புது ஏற்பாட்டுக்கு ஒரு விளக்கமும் கொடுத்தார். எங்கே கொடுத்தார் தெரியுமா? அடிக்குறிப்பில்! அடிக்குறிப்பை ஒழிக்க அவதரித்த மகான், அந்த நற்செய்தியை அடிக்குறிப்பு போட்டுத்தான் உலகுக்கு அறிவித்தார்.

சரி, இதில் ஹார்வர்டின் பங்கு? மார்க்குக்கு சம்பளம் கொடுத்தது. மற்றபடி அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதே வெகுகாலம் மர்மமாக இருந்து, 1988-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒருவர் துப்பறிந்து எழுதிய பிறகுதான் நத்தை வெளிச்சத்துக்கு வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 'இதுதான் எங்கள் ஸ்டைல்' என்று கையேடு எதுவும் போடவில்லை. ஆகவே பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குப் பிடித்த இடத்தில் கமா வைத்து, தனக்கென்று ஒரு 'ஹார்வர்டு' வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் 'ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா' கிடைக்கிற மாதிரி.

மார்க் 99 வயதுவரை வாழ்ந்தார். நத்தை முட்டையைப் பற்றி அவர் கண்டுபிடித்ததெல்லாம் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த இரண்டு வளைந்த கோடுகள் மட்டும் சாகாவரம் பெற்றுவிட்டன.

ராத்திரி ஒரு மணிக்குக் கண் எரிய எரிய, 'ஜர்னல் பெயர் இட்டாலிக்ஸா, வால்யூம் நம்பர் போல்டா, நடுவே கோலனா, செமிகோலனா' என்று மல்லுக்கட்டும் பிஎச்.டி. ஜீவன்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அந்த விதிகளைக் கல்வெட்டு என்று நினைத்து நடுங்காதீர்கள். கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கு அடியிலும் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பான். ஒருவனுக்குக் கர்வம், ஒருவனுக்குப் பயம், இன்னொருவனுக்குச் சோம்பல். சில இடங்களில் கல்லாப்பெட்டியும் இருக்கும்.

ஆதியில் இருந்தவர் மூத்த பிளினி. ரோமாபுரியின் கடற்படைத் தளபதி. சைடில் கலைக்களஞ்சிய ஆசிரியர். 37 பாகங்களில் 'இயற்கை வரலாறு' எழுதினார். அதில் முதல் பாகம் முழுக்க வெறும் பொருளடக்கமும், எந்த விஷயத்துக்கு யார் யாரைப் படித்தேன் என்ற பெயர்ப் பட்டியலும்தான். ஏன் இந்தச் சிரத்தை என்றால், பெரிய பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் பழைய ஆட்களின் எழுத்தை வரிக்கு வரி காப்பியடித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் நழுவுகிறார்களாம். ஒப்பிட்டுப் பார்த்தபோது கையும் களவுமாக அகப்பட்டார்களாம். முன்னுரையில் புகார் செய்கிறார். 1,900 வருஷங்களுக்கு முன்னால் மனிதக் கண்ணாலேயே ஒரு பிளேஜியரிசம் செக்!

இவ்வளவு யோக்கியர் உள்ளே என்ன எழுதியிருக்கிறார்? இந்தியாவில் ஒற்றைக்கால் மனிதர்கள் வாழ்கிறார்களாம். வெயில் கடுமையானால் மல்லாந்து படுத்து, அந்த ஒற்றைப் பாதத்தையே குடையாகப் பிடித்துக்கொள்வார்களாம். ஆதாரம் என்ன என்கிறீர்களா? பெயரோடு கொடுத்திருக்கிறார்: க்டீசியஸ் என்ற கிரேக்க வைத்தியர். பாரசீக அரண்மனையில் வேலை பார்த்த அந்த வைத்தியர் இந்தியா பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ரெஃபரன்ஸ் பக்கா, விஷயம்தான் புளுகு. இந்த ஃபார்முலாவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் வருஷமாக அமோகமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்தவர் பரம சாது. எட்டாம் நூற்றாண்டு, வடக்கு இங்கிலாந்து, ஜாரோ மடாலயம், பீட் என்ற துறவி. பைபிளுக்கு உரை எழுதும்போது அவருக்கு ஒரே பயம்: பெரியவர்கள் சொன்னதை எல்லாம் நம் சரக்கு மாதிரி எழுதித் திருடிவிட்டோம் என்று யாராவது சொல்லிவிட்டால்? ஆகவே பக்கத்தின் ஓரத்தில், இது அகஸ்டினுடையது, இது கிரிகரியுடையது, இது ஜெரோமுடையது என்று அவரவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தைப் பொடியாக எழுதிவைத்தார். அதோடு விட்டாரா? 'இதைப் படியெடுக்கும் புண்ணியவான்களே, இந்த எழுத்துகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்' என்று கெஞ்சவும் செய்தார். படியெடுப்பவர்களுக்கோ குளிரில் விரல் விறைத்துக் கிடக்கிறது, மெழுகுவர்த்தி கரைகிறது, ஓரத்தில் ஏதோ பூச்சி மாதிரி இரண்டெழுத்து. பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். ஃபைனல் ப்ரூஃபில் ரெஃபரன்ஸ் காணாமல் போகும் வைபவம் அன்றே தொடங்கிவிட்டது.

நம்ம ஊர் உரையாசிரியர்களுக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது. நச்சினார்க்கினியர் ஒரு பழம்பாட்டின் வரியை எடுத்துப் போடுவார். 'என்றார் பிறரும்' என்று முடித்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். யார் ஐயா அந்தப் பிறர், எந்த நூல், எத்தனையாவது பாட்டு? மூச்! அவர் காலத்து மாணவர்களுக்கு எல்லாம் மனப்பாடம், கேட்கத் தேவையில்லை. ஐந்நூறு வருஷம் கழித்து உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது அந்தப் 'பிறர்' யாரென்று தேடித்தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தேடலில் சங்க நூல்களின் ஏடுகளும் அவர் கைக்கு வசப்பட்டன. நச்சினார்க்கினியர் மட்டும் ஒழுங்காக ஹார்வர்டு ஸ்டைலில் எழுதியிருந்தால் தமிழுக்கு எவ்வளவு நஷ்டம்!

அடிக்குறிப்பின் சக்கரவர்த்தி என்று ஒருவருக்கு முடிசூட்ட வேண்டுமானால் எட்வர்டு கிப்பனுக்குத்தான். ரோமானியப் பேரரசு எப்படிச் சரிந்தது என்பதை 1776-லிருந்து 1788 வரை ஆறு பாகங்களில் எழுதினார். குறிப்புகள் மட்டும் ஏறத்தாழ 8,000. மேலே, உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றத் தோன்றும் கம்பீர நடை. கீழே, குறும்பு. ஆரிஜென் என்ற திருச்சபை ஞானி தன் ஆண்மையைத் தானே வெட்டிக்கொண்டார் என்று ஒரு பழங்கதை. பைபிளில் எதைப் படித்தாலும் 'இது உருவகம், உள்ளர்த்தம் வேறு' என்று வியாக்கியானம் செய்பவர், பாவம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேர் அர்த்தம் எடுத்துக்கொண்டாரே என்று குறிப்பில் அனுதாபப்படுகிறார் கிப்பன். பாதிரிமார்கள் மேல்பகுதியைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள். கீழ்ப்பகுதியைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்கள்.

ஒரு சின்னச் சிக்கல். முதல் பாகம் வெளிவந்தபோது இந்தக் குறிப்புகள் எல்லாம் புத்தகத்தின் கடைசியில் மொத்தமாகக் கிடந்தன. தத்துவ மேதை டேவிட் ஹியூம் அதைப் படித்தார். படித்தது 1776 ஏப்ரலில்; ஆகஸ்டில் அவர் காலமாகிவிட்டார். வயிற்று உபாதை முற்றி, இன்னும் எத்தனை நாளோ என்றிருக்கிற மனுஷன் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதுகிறார். வாழ்வின் பொருளைப் பற்றி அல்ல. 'ஒவ்வொரு நம்பருக்கும் கடைசிப் பக்கத்துக்குப் புரட்டிப் புரட்டி ஓட வேண்டியிருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் பல இடத்தில் ஒரு புத்தகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தின் அடியிலேயே போடச் சொல்லுங்கள்' என்கிற சாரத்தில் புகார்! சாகிற மனிதனின் விருப்பம் நிறைவேறியது. குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு இறங்கின. கிப்பன் பிற்பாடு, 'ஊரார் நச்சரிப்புக்கு இணங்கி மாற்றிவிட்டேனே' என்று பலமுறை வருந்தியதாக எழுதிவைத்திருக்கிறார். எண்ட்நோட்டா, ஃபுட்நோட்டா என்ற சண்டை அப்போதிருந்து ஓயவில்லை.

இதற்கிடையில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹென்றி டேவிஸ் என்றோர் இளைஞன் கிளம்பினான். இருபதைத் தாண்டி ஓரிரு வயது. 'கிப்பன் கொடுத்த ரெஃபரன்ஸ் எல்லாம் தப்பு. படிக்காத புத்தகத்தைப் படித்த மாதிரி காட்டுகிறார். அடுத்தவர் சரக்கைத் திருடுகிறார்' என்று 1778-ல் ஒரு முழுப் புத்தகமே போட்டான். கிறிஸ்தவ மதம் பரவிய கதையை கிப்பன் நையாண்டியாக எழுதிவிட்டார் என்பதுதான் உண்மையான கோபம். அதை நேரடியாகச் சொன்னால் எடுபடாது. அடிக்குறிப்பில் ஓட்டை கண்டுபிடித்தால் எடுபடும். இன்றைய பியர் ரிவியூவர்கள் கவனிக்க: உங்கள் குலதெய்வம் இவர்தான்.

கிப்பன் 1779-ல் பதில் எழுதினார். அந்தப் பதிலில் ஓர் இடம் இருக்கிறது பாருங்கள், பொன்னெழுத்தில் பொறிக்கலாம். மிஸ்டர் டேவிஸைச் சந்திக்க எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் நான் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானமாகப் பார்த்து அவர் வந்தால், என் வேலைக்காரன் என் லைப்ரரியைச் சுற்றிக் காட்டுவான் என்கிறார். அதாவது, புத்தகம் எல்லாம் என்னிடம் இருக்கிறது, வந்து எண்ணிப் பார்த்துக்கொள், என் மூஞ்சியை மட்டும் பார்க்க முடியாது! சைட்டேஷன் சண்டையில் இவ்வளவு கண்ணியமான செருப்படி பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை.

கிப்பனைப் பார்த்து எல்லோருக்கும் குறிப்பு போடும் ஆசை வந்துவிட்டது. ரசனை மட்டும் வரவில்லை. ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார் நார்தம்பர்லாண்ட் மாவட்ட வரலாற்றைப் பாகம் பாகமாக எழுதினார். 1840-ல் வந்த பாகத்தில், அங்கே ரோமானியர்கள் கட்டிய சுவரைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு. போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. 165 பக்கம்! ஹேட்ரியன் சுவரைவிட அடிக்குறிப்பு நீளமோ என்று சந்தேகம் வருகிறது. ஜெர்மனியில் அதற்கு நூறு வருஷம் முன்பே ராபெனர் என்றொரு நையாண்டிக்காரர் இந்த வியாதிக்கு மருந்து எழுதிவிட்டார். 'பேரும் புகழும் குறிப்பில்தான் வருகிறது, அப்புறம் எதற்கு வீணாக மூலநூல்?' என்று வெறும் அடிக்குறிப்புகளால் மட்டுமே ஒரு நூல். மேலே ஒன்றுமே கிடையாது.

இதெல்லாம் தனிமனிதக் கிறுக்கு. கிறுக்கைச் சட்டமாக்கி விலைக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்த பெருமை அமெரிக்காவையே சேரும்.

1891-ல் சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் பிறந்தது. பேராசிரியர்கள் கையால் கிறுக்கியதை நேராக அச்சுக் கோப்பவர்களிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆளுக்கொரு ஸ்பெல்லிங், ஆளுக்கொரு கமா. பொறுக்க மாட்டாமல் ப்ரூஃப் ரீடர்கள் தங்கள் வசதிக்காக விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். தாள் சிறுநூலாகி, 1906-ல் ஏறக்குறைய 200 பக்கப் புத்தகமாகி, 2017-ல் 1,100 பக்கத்தைத் தாண்டிவிட்டது. பேராசிரியர்களைத் திருத்த எழுதியது, அவர்களைப் புதைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அதே சிகாகோவில் கேட் டுரேபியன் என்றொரு அம்மையார். 1930 முதல் 1958 வரை தீசிஸ் செக்ரட்டரி. எந்த டாக்டரேட் ஆய்வேடும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மார்ஜின் அரை அங்குலம் பிசகினாலும் திரும்பி வந்துவிடும். வருங்கால நோபல்காரர்களானாலும் அங்கே கைகட்டித்தான் நிற்க வேண்டும். ஒரே கேள்வியைத் தினமும் கேட்டுச் சலித்து 1937-ல் ஒரு சின்னக் கையேடு போட்டார். அது லட்சக்கணக்கில் விற்றது. 2016-ல் டைம் பத்திரிகை, அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளில் மிக அதிகம் படிக்கப்படும் பெண் எழுத்தாளர் யார் என்று ஒரு பட்டியல் போட்டது. டோனி மாரிசன், ஜேன் ஆஸ்டின், வர்ஜீனியா உல்ஃப் எல்லோரும் பின்னால். முதலிடம் டுரேபியன் அம்மாவுக்கு. ஆயிரக்கணக்கான பேரை டாக்டர் ஆக்கிய இந்த அம்மாள், சொந்தமாகக் கல்லூரிப் பட்டம்கூட வாங்கியவர் இல்லை.

இப்போது வக்கீல்கள் பக்கம் வாருங்கள். அமெரிக்கச் சட்ட உலகத்தின் ரெஃபரன்ஸ் வேதம் 'புளூபுக்'. 1926-ல் முதல் பதிப்பு வெறும் 26 பக்கம். அப்போது அட்டை பிரவுன் நிறம். 1939-ல் நீலமானது. பிரவுன், ஹிட்லர் கட்சிக்காரர்களின் சட்டை நிறமாயிற்றே, நமக்கெதற்கு வம்பு என்று மாற்றியதாகச் சொல்வார்கள். ஹிட்லர் போய்ச் சேர்ந்தார். புத்தகம் குண்டாகி 2010-ல் 511 பக்கத்தைத் தொட்டது. ரிச்சர்டு போஸ்னர் என்ற பிரபல நீதிபதி 1986-ல் ஒரு தடவை, 2011-ல் இன்னொரு தடவை, 'இந்தப் பூதத்தைத் தூக்கி எறியுங்கள்' என்று கட்டுரை எழுதிப் பார்த்தார். அந்தக் கட்டுரைகளையே இப்போது புளூபுக் முறைப்படி மேற்கோள் காட்டுகிறார்கள்.

சுவாரஸ்யம் கணக்கு வழக்கில் இருக்கிறது. புத்தகம் ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா என்று நான்கு சட்ட இதழ்களின் கூட்டுத் தயாரிப்பு என்று அட்டையிலேயே போட்டிருந்தது. வருமானம்? முதல் பதினோரு பதிப்புகளின் பணத்தை ஹார்வர்டு மட்டும் ஓசைப்படாமல் வைத்துக்கொண்டது. மற்ற மூவருக்கும் விஷயம் தெரியவந்தது 1974 வாக்கில். சட்டம் படிக்கிறவர்கள்! அமெரிக்காவின் ஆகக் கூர்மையான மூளைகள்! பங்காளி கல்லாவில் கைவைத்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

சரி, எழுதியது யார் என்பதிலாவது குழப்பம் இல்லையே என்றால், அதுவும் போயிற்று. பின்னாளில் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்கே டீனாக இருந்த எர்வின் கிரிஸ்வோல்டு, மாணவப் பருவத்தில் இது தன் கைவண்ணம் என்று சொல்லிவந்தார். 2016-ல் யேல் சட்டக் கல்லூரி நூலகத்தைச் சேர்ந்த இருவர் பரணைக் கிளறி, அதற்குச் சில வருஷம் முன்பே யேலில் இதே மாதிரிக் கையேடு இருந்ததையும், ஹார்வர்டு கையேட்டின் சரக்கு அங்கிருந்து வந்ததையும் காட்டிவிட்டார்கள். 'யாரிடமிருந்து எடுத்தாய் என்று சொல்லிவிடு' என்று ஊருக்கு உபதேசிக்கும் புத்தகம், தான் யாரிடமிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டது.

டாக்டர்கள் மட்டும் கொஞ்சம் நல்லெண்ணத்தோடு இறங்கினார்கள். ஒரு மருத்துவ இதழ் நிராகரித்த கட்டுரையை அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டுமானால் ரெஃபரன்ஸ் மொத்தத்தையும் மறுபடி டைப் அடிக்க வேண்டியிருந்த காலம். 1978 ஜனவரியில் சில இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடி, 'இனி எல்லோரும் ஒரே முறை' என்று முடிவெடுத்தார்கள். வந்த வரிசைப்படி நம்பர், கடைசியில் பட்டியல், வேலை முடிந்தது. ஒரே முறை வேண்டும் என்று புறப்பட்டால் உலகத்தில் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஏற்கெனவே இருந்த கூட்டத்தில் இன்னொரு முறை சேர்ந்தது. இன்று ஸோட்டேரோ மாதிரி மென்பொருள்களில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஸ்டைல்கள் 10,000-க்கும் மேல். சூப்பர்ஸ்கிரிப்டா, சதுர அடைப்பா, வளைந்த அடைப்பா என்று இந்த 'வான்கூவர்' முறைக்குள்ளேயே உட்பிரிவுகள் உண்டு.

மனசாட்சியை ஆராயும் உளவியல்காரர்கள் தங்கள் மனசாட்சியை ஏபிஏ என்கிற அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேட்டில் கொட்டினார்கள். 1929-ல் ஏழு பக்கக் கட்டுரையாக ஆரம்பித்தது. 2009-ல் ஆறாம் பதிப்பு கோலாகலமாக வந்தது. பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் அந்தப் புத்தகத்தின் முதல் அச்சில் ஏகப்பட்ட பிழைகள்! அதன் விதியை மீறியே எழுதப்பட்ட மாதிரிகள் வேறு. காசு கொடுத்து வாங்கியவர்கள் கூச்சல் போட, முதலில் திருத்தப் பட்டியல் வெளியிட்டுப் பார்த்தார்கள். கூச்சல் அடங்காமல், கடைசியில் புத்தகத்தையே மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு கமா தப்பினதற்காக உங்கள் தீசிஸைத் திருப்பி அனுப்பிய கைடிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அல்லது வேண்டாம், வைவா முடியட்டும்.

2019-ல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு கருணை. இருபது ஆசிரியர்கள்வரை எல்லோர் பெயரும் வரும். இருபத்தொன்று ஆகிவிட்டால் முதல் பத்தொன்பது, மூன்று புள்ளி, பிறகு கடைசி ஆள். 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி இயற்பியல் கட்டுரை ஒன்று வந்தது: ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் விஷயம் ஒன்பது பக்கம், மீதி 24 பக்கமும் ஆஜர் பட்டியல். இந்த விதிப்படி 5,134 விஞ்ஞானிகளின் உழைப்பு மூன்று புள்ளிக்குள் அடங்கிவிட்டது. அகரவரிசையில் கடைசி எழுத்தில் பெயர் வைத்த பெற்றோருக்கு எவ்வளவு தீர்க்கதரிசனம்!

பெயர் என்றதும் நம்ம ஊர்ச் சோகம் ஒன்று உண்டு. இந்த முறைகளை வகுத்தவர்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தது. நமக்கு அப்பா பெயர்தான் இருக்கிறது. எஸ்.சந்திரசேகர் என்று இனிஷியலை முன்னால் போட்ட வானியற்பியலாளர் தப்பித்தார். அப்பா சுப்ரமணியன் ஓர் எழுத்தாகச் சுருங்கி, நட்சத்திரங்களின் எல்லை சந்திரசேகர் பெயரிலேயே நிலைத்தது. பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்துப் பின்னால் போட்டவர்கள் கதி வேறு. செல்வி முருகேசன் என்ற பெண் ஐந்து வருஷம் லேபில் தூங்காமல் கிடந்து கட்டுரை போட்டால், உலகம் முழுக்க 'முருகேசன், எஸ்.' என்றுதான் மேற்கோள் காட்டுவார்கள். ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் முருகேசன் அண்ணாச்சிக்குத் தெரியவே தெரியாது, தனக்கு எச்-இண்டெக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறதென்று.

அப்பாவுக்காவது மனித ஜென்மம். மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் 1975-ல் ஒரு கட்டுரை தயாரித்தார். முழுக்க முழுக்க 'நாங்கள் கண்டோம், நாங்கள் கணக்கிட்டோம்' என்று எழுதியிருந்தார். படித்த நண்பர், 'தனி ஆள் நாங்கள் என்று எழுதினால் இந்த ஜர்னலில் எடுக்க மாட்டார்கள்' என்றார். டைப்ரைட்டர் காலம். ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ் கிடையாது. அத்தனை பக்கத்தையும் மறுபடி அடிப்பதா? ஹெதரிங்டன் யோசித்தார். வீட்டில் செஸ்டர் என்ற சயாமியப் பூனை இருந்தது. அதை எஃப்.டி.சி.வில்லார்டு என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். எஃப்.டி. என்பது வீட்டுப் பூனையின் லத்தீன் பெயர், சி. என்பது செஸ்டர், வில்லார்டு அதன் தகப்பன் பூனை. பாருங்கள், பூனைகூட அப்பா பெயரைத்தான் பின்னால் போட்டிருக்கிறது! கட்டுரை ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸில் ஜம்மென்று வெளியானது. ஒருநாள் ஒருவர் துறைக்கு வந்து ஹெதரிங்டனைக் கேட்டார். அவர் இல்லை என்றதும், 'அப்படியானால் வில்லார்டைப் பார்க்கலாமா' என்றாராம்.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி விற்கலாம் என்ற யோசனை யூஜின் கார்ஃபீல்டு என்பவருக்கு உதித்ததும், 1964-ல் அவருடைய சைட்டேஷன் இண்டெக்ஸ் வெளிவந்ததும் தனிக் காவியம். அவர் கம்பெனி ஆரம்பித்த இடம் நியூஜெர்சியில் ஒரு பழைய கோழிக் கொட்டகை என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு நகர்கிறேன். அதன் பிறகு ரெஃபரன்ஸ் என்பது நன்றி சொல்வதாக இல்லாமல் பிரமோஷன் என்றாயிற்று. படிக்கிறார்களோ இல்லையோ, பட்டியலில் போடுகிறார்கள். 2003-ல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரையைக் குறிப்பிட்டவர்களின் எழுத்துப் பிழைகளை ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரித் தப்பான பக்க எண் 78 பட்டியல்களில்! பரீட்சை ஹாலில் ஒரே தப்பு விடை வரிசையாக வந்தால் வாத்தியார் என்ன முடிவுக்கு வருவாரோ அதே முடிவுக்கு அவர்களும் வந்தார்கள்: மூலத்தை உண்மையில் புரட்டியவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

மூலமே இல்லாவிட்டால்? அதையும் செய்து காட்டிவிட்டார்கள். எல்ஸெவியர் பதிப்பகம் 'ரெஃபரன்ஸ் இப்படி எழுத வேண்டும்' என்று ஆசிரியர்களுக்கு ஒரு மாதிரி கொடுத்திருந்தது. வான் டெர் கீர் முதலிய மூவர், 'தி ஆர்ட் ஆஃப் ரைட்டிங் எ சயின்டிஃபிக் ஆர்ட்டிகிள்', ஆண்டு 2000, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59. கட்டுரை கிடையாது, அது வெளிவந்ததாகப் போட்டிருந்த ஜர்னலும் கிடையாது, சும்மா ஒரு சாம்பிள். 2017 வாக்கில் நெதர்லாந்துப் புள்ளியியல்காரர் ஒருவர் தேடிப் பார்த்தால், அதை ஏறக்குறைய 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. டெம்ப்ளேட்டில் இருந்ததை அழிக்காமல் அப்படியே அனுப்பியவர்கள் பலர், எங்கேயோ பார்த்ததை நம்பிச் சேர்த்தவர்கள் சிலர். நம் பேராசிரியர்களில் எத்தனை பேருக்கு 400 சைட்டேஷன் இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

இதில் கையால் உழைக்க வேண்டியிருந்தது. அந்தக் குறையும் 2023-ல் தீர்ந்தது. விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று நியூயார்க்கில் ஒரு பயணி ஏவியாங்கா என்ற விமான நிறுவனத்தின் மீது வழக்கு போட்டார். அவருடைய வக்கீல் முன்தீர்ப்புகளைத் தேடும் வேலையைச் சாட்ஜிபிடியிடம் விட்டார். அது அள்ளிக் கொடுத்தது. 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்': தொகுதி 925, பக்கம் 1339, பதினோராவது சர்க்யூட், 2019. புளூபுக் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும், அத்தனை சுத்தமான ஃபார்மேட். வக்கீலுக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியிருக்கிறது. பொறுப்பான ஆள், உடனே சரிபார்த்தார். எப்படி? 'இது நிஜ வழக்குதானா?' என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார். 'சத்தியமாக' என்று அது சொல்லிவிட்டது.

எதிர்த் தரப்பு தேடியது, கோர்ட் தேடியது, வர்கீஸைக் காணோம். ஒற்றைக்காலைக் குடையாகப் பிடித்த நம் இந்தியர்களோடு எங்கேயாவது நிழலில் படுத்திருப்பார். நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். கூடவே இன்னொரு தண்டனை. அந்தக் கற்பனைத் தீர்ப்புகளை எழுதியதாக நிஜ நீதிபதிகள் சிலரின் பெயர்கள் போடப்பட்டிருந்தன அல்லவா? அவர்கள் ஒவ்வொருவருக்கும் வக்கீல்கள் தனித்தனியே கடிதம் எழுத வேண்டும், எழுதவே எழுதாத தீர்ப்பை அவர்கள் எழுதியதாகக் கோர்ட்டில் சொல்லிவிட்டோம் என்று. தீர்ப்பின் நகலையும், தாங்கள் தாக்கல் செய்த பொய்த் தீர்ப்புகளின் நகலையும் அதோடு இணைத்து.